நாலில் ஒன்றா, அதற்கும் மேலா? – ஒளிரும் பிளாஸ்டிக்கின் கதை

பிளாஸ்டிக்கில் மின்சாரம் பாயாது என்றுதான் நினைப்போம். ஒயருக்கு மேலே உறை போடுவதே அந்த நம்பிக்கையில்தானே! 1977-ல் ஹீகர், மெக்டயர்மிட், ஷிரகாவா மூவரும் அந்த நினைப்பை மாற்றினார்கள். மின்சாரம் கடத்தும் பாலிமருக்காக 2000-ல் அவர்களுக்கு நோபல் பரிசும் கிடைத்தது.

அடுத்தது வெளிச்சம். 1990-ல் கேம்பிரிட்ஜில் பரோஸ், பிராட்லி, ஃபிரண்ட் குழு, பி.பி.வி. என்ற பாலிமர் படலத்தை இரண்டு மின்முனைகளுக்கு நடுவே வைத்து ஒளிர வைத்தது. ஆனால் திறன் வெறும் 0.05%. அதாவது 10,000 எலக்ட்ரான் உள்ளே போனால் 5 ஒளித்துகள்தான் வரும். யானைப் பசிக்குச் சோளப்பொரி!

ஏன் இவ்வளவு வீண்? எலக்ட்ரானும் 'துளை' எனப்படும் நேர் மின்னூட்டமும் ஜோடி சேர்ந்தால்தான் வெளிச்சம். பி.பி.வி.யில் துளைகள் சுலபமாக நுழைந்தன, எலக்ட்ரான்கள் தயங்கின. 1993-ல் அதே குழு, எலக்ட்ரானை எளிதில் ஏற்கும் இன்னொரு பாலிமரை இரண்டாம் அடுக்காகச் சேர்த்தது. இரண்டும் எல்லையில் சந்திக்க, உள் திறன் 4% வரை ஏறியது.

சரி, எவ்வளவு தூரம் ஏற்றலாம்? இங்கேதான் சிக்கல். சேரும் ஜோடிகள் நாலு வகை. ஒன்றுதான் (சிங்லெட்) ஒளி தரும். மற்ற மூன்றும் (டிரிப்லெட்) பெரும்பாலும் சூடாக வீணாகும். நாலும் சம வாய்ப்பில் உருவானால் உச்சவரம்பு 25%. 100 ரூபாய் முதல் போட்டால் 75 ரூபாய் முதல் நாளே நஷ்டம் என்பது போல!

ஆனால் அந்த 'சம வாய்ப்பு' வெறும் அனுமானம்தான். 1999-ல் ஹீகர் உள்ளிட்டோர் வெளியிட்ட அளவீடு, 50% வரை கூட போகலாம் என்றது. 2001-ல் 'நேச்சர்' இதழில் ஒரு கட்டுரை வந்தது. அமெரிக்க ஆய்வாளர்கள் பல பாலிமர்களை நேரடியாக அளந்திருந்தார்கள். அதற்கான கணக்கீட்டில் பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தின் எஸ்.ராமசேஷாவும் குஞ்ச் டாண்டனும் பங்கேற்றார்கள். சிங்லெட்டுக்கும் டிரிப்லெட்டுக்கும் வாய்ப்பு சமமில்லை, அது பாலிமரைப் பொறுத்து மாறும் என்பது முடிவு.

விவாதம் அதோடு முடியவில்லை. 2003-ல் வேறொரு குழு அளந்தபோது ஒரு பாலிமரில் 20% அளவுதான் வந்தது. இதற்கிடையே 1998-லேயே ஃபாரஸ்ட், தாம்சன் குழுக்கள் கன உலோகம் கலந்த மூலக்கூறுகளால் டிரிப்லெட்டையே ஒளிர வைத்து, சுற்றுவழியில் வரம்பைத் தாண்ட வழி காட்டிவிட்டன.

இன்று தாம்பரம் சண்முகம் சாலை மொபைல் கடைகளில் மின்னும் 'ஓலெட்' திரைகளில் இருப்பவை பெரும்பாலும் பாலிமர் அல்ல, சிறு மூலக்கூறுகள். மை போல அச்சடிக்கலாம் என்ற பாலிமரின் பெரிய வசதி, திறனிலும் ஆயுளிலும் பின்தங்கியதால் சந்தையில் எடுபடவில்லை. இருந்தாலும், எல்லோரும் விதி என்று ஒப்புக்கொண்ட 25%-ஐ அளந்து பார்க்க வைத்த பெருமை அதற்கு உண்டு.