புயலுக்குப் பெயரிட்டவர்

வங்காள விரிகுடாவின் வடகோடியில், கங்கை பல கிளைகளாய்ப் பிரிந்து கடலிற் கலக்குமிடத்தில், மாத்லா என்றோர் ஆறு உண்டு. ஹூக்ளி ஆறு மண்ணடித்துத் தூர்ந்துவிடுமென அஞ்சிய கல்கத்தா வணிகர், சென்ற நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டின் நடுப்பகுதியில், அந்த மாத்லாக் கரையிலே புதியதொரு துறைமுகம் அமைக்க விழைந்தனர். ஆழமான நீர், தலைநகருக்கு அண்மை, வேறென்ன வேண்டும்? ஒருவர் மாத்திரம் ஆகாதென்றார்.

அவர் பெயர் ஹென்றி பிடிங்டன். கப்பலோட்டியாயிருந்து கல்கத்தாவிற் குடியமர்ந்த ஆங்கிலேயர். கப்பல்களின் நாட்குறிப்புகளைத் திரட்டி, எந்நேரத்தில் எத்திசைக் காற்று வீசிற்றென ஒப்புநோக்கி, புயல்களின் தடங்களைப் பொறுமையோடு வரைந்தவர். புயற்காற்று நேரே ஓடுவதன்று, சுழல்வது. ஆதலால், பாம்பின் சுருளைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லொன்றிலிருந்து ‘சைக்ளோன்’ என்னும் பெயரை அமைத்து, 1848இல் மாலுமிகளுக்கென எழுதிய நூலில் வழங்கினார். காற்றம்புகள் பொறித்த, கொம்பினாலான மெல்லிய தகடுகளும் அந்நூலுடன் இருந்தன. தகட்டைக் கடற்படத்தின்மேல் வைத்துப் பார்க்கும் மாலுமி, புயலின் நடு எப்பக்கமென அறிந்து விலகியோடலாம்.

கரையில் வாழ்வோர் விலகியோடுவதெங்ஙனம்? அவர்களைக் கொல்வது காற்றினும் நீரே. கோதாவரி முகத்துவாரத்துக் கோரிங்காப் பட்டினத்தை 1789இலும் 1839இலும் கடல் புகுந்து அழித்தது. மாத்லாவிலும் அதுவே நேருமென 1853இல் மகாதேசாதிபதி டல்ஹௌசிப் பிரபுவுக்குப் பிடிங்டன் எழுதினார். கேட்பாரில்லை. அடுத்து வந்த கானிங் பிரபுவின் பெயரால் துறைமுகம் எழுந்தது. புகையிரதப் பாதையும் போடப்பட்டது. 1858இல் பிடிங்டன் மறைந்தார். 1867 நவம்பரில் புயலும் வெள்ளமும் கானிங் துறைமுகத்தைச் சிதைத்தன. சில ஆண்டுகளில் அது கைவிடப்பட்டது.

இதற்கிடையில், 1864ஆம் ஆண்டுப் புயல் கல்கத்தாப் பகுதியிற் பல்லாயிரவரை மாய்த்தபின், 1865இல் அத்துறைமுகத்துக்குப் புயல் எச்சரிக்கை முறை ஏற்பட்டது. ஆனால் அது கப்பல்களுக்கானது. கழிமுகத் தீவுகளின் உழவனுக்கும் மீனவனுக்கும் எச்சரிக்கையைக் கொண்டுசெல்வாரில்லை. 1970 நவம்பரில் அங்கு மூன்று இலட்சம் பேர்வரை மாண்டனர். அதன்பின்னரே, 1972இல், வங்காளதேசத்திற் செஞ்சிலுவைச் சங்கத்தின் துணையோடு ஊர்த்தொண்டர் படையொன்று உருவாயிற்று. அத்தொண்டர் வேற்றூரார் அல்லர், அவ்வக் கிராமத்தவரே. வானொலியிற் செய்தி கேட்டதும் கொடியேற்றி, ஒலிபெருக்கிக் குழலோடு வீடுவீடாய்ச் சென்று, முதியோரையும் குழந்தைகளையும் உயர்ந்த புகலிடங்களுக்கு அழைத்துச் செல்வர்.