டெல்ஃப்டின் செங்கல் தெரு

நெதர்லாந்தை இன்று சைக்கிள் நாடு என்கிறோம். 1960-களில் அங்கேயும் கார்தான் ராஜா. 1971-ல் சாலை விபத்துகளில் மூவாயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அவர்களில் குழந்தைகள் மட்டும் நானூற்றுக்கு மேல். மகளைப் பறிகொடுத்த பத்திரிகையாளர் விக் லாங்கென்ஹாஃப் மறு ஆண்டு எழுதிய கட்டுரையின் தலைப்பு, ‘குழந்தைக் கொலையை நிறுத்துங்கள்’. அதுவே ஓர் இயக்கத்தின் பெயராயிற்று. பெற்றோர் தெருவை மறித்தார்கள். பிள்ளைகள் அங்கே விளையாடினார்கள்.

சாலை வடிவமைப்பே என் தொழில் என்பதால், என் மனம் நிற்பது அந்நாட்டின் டெல்ஃப்ட் நகரில்தான். அங்கே நகராட்சிப் பொறியாளர் யூஸ்ட் வாலும் குடியிருப்பவர்களும் சேர்ந்து ‘வோனெர்ஃப்’ என்ற தெரு வகையை உருவாக்கினார்கள். நடைபாதை விளிம்புக்கல் கிடையாது. சுவருக்குச் சுவர் ஒரே மட்டத்தில் செங்கல் தளம். மரமும் பூந்தொட்டியும் இடமும் வலமுமாக மாறி மாறி நிற்கும். வண்டி வளைந்துதான் போகவேண்டும். நேராக நீளும் பார்வை இல்லாததால் கால் தானாக பிரேக்குக்குப் போகும். ‘மெதுவாகச் செல்’ என்ற பலகை செய்யாததைத் தரை செய்துவிடுகிறது. எனக்குத் தெரிந்து இதைவிட நேர்மையான பொறியியல் இல்லை. 1976-ல் சட்டமும் இதை ஏற்றது. அப்போது வண்டிகளுக்கு நடை வேகம்தான் அனுமதிக்கப்பட்டது.

அதே காலத்தில் ஹேக், டில்பர்க் நகரங்களில் அரசுப் பணத்தில் முன்மாதிரி சைக்கிள் பாதைகள் போடப்பட்டன. ஹேக்கில் கடைக்காரர்கள் கடுமையாக எதிர்த்தார்கள். பாதைகளில் கூட்டம் சேர்ந்தது, ஆனால் நகரில் சைக்கிள் ஓட்டுவோர் பெரிதாகக் கூடவில்லை. 1980-களில் டெல்ஃப்டோ நகரம், வட்டாரம், தெரு என மூன்று அடுக்காக சைக்கிள் பாதைகளைப் பின்னி இணைத்தது. அங்கே ஓட்டுவோர் எண்ணிக்கை கூடியது.