கல் இங்கிருந்து, பெயர் அங்கிருந்து

மூன்று வருடத்துக்கு முன் கிள்ளானில் என் வீட்டு ஹாலில் ஒரு கடல்நீர்த் தொட்டி வைத்தேன். இரண்டே மாதத்தில் பவளத்தின்மேல் பச்சை முடிபோல் பாசி மண்டியது. பழைய டூத் பிரஷால் தேய்த்து எடுப்பேன். ஒரே வாரத்தில் திரும்பவும் வந்துவிடும். மீன்கடை அண்ணன் வீட்டுக்கு வந்து பார்த்தார். "தம்பி, பாசியோட சண்ட போடாதீங்க. அது எதச் சாப்புடுதுன்னு பாருங்க. தண்ணி ஒரு பக்கமாவே ஓடுது, கல்லுக்குப் பின்னால செத்துக் கெடக்கு" என்றார். அந்தப் பேச்சுதான் என்னைப் பழைய மீன்வளர்ப்பு இதழ்களின் பக்கம் தள்ளியது.

1961இல் 'டிராபிகல் ஃபிஷ் ஹாபியிஸ்ட்' என்ற அமெரிக்க இதழில் லீ சின் எங் ஒரு கட்டுரை எழுதினார். ஜகார்த்தாக்காரர். அவர் தொட்டியில் வடிகட்டி கிடையாது. கடலிலிருந்து எடுத்த உயிர்க்கல், கடல்நீர், வெளிச்சம், குழாயிலிருந்து எழும் காற்றுக் குமிழிகள், அவ்வளவுதான். கல்லின்மேல் வாழும் பாக்டீரியா, மீன் கழிவிலுள்ள அம்மோனியாவை நைட்ரேட்டாக்கும். பிராணவாயு எட்டாத உள்துளைகளில் இருக்கும் வேறு பாக்டீரியா அந்த நைட்ரேட்டை வாயுவாக்கி வெளியேற்றும். பாசிக்குத் தீனி குறையும்.

மேற்கில் அப்போது பலரும் வெளுத்த செத்த பவளத்தை அலங்காரமாக வைத்து மீன் மட்டும் வளர்த்துக்கொண்டிருந்தார்கள். பிறகு பெர்லின் ஆர்வலர்கள் உயிர்க்கல்லோடு மூன்றைச் சேர்த்தார்கள்: கழிவை நுரையாகப் பிரித்தெடுக்கும் கருவி, பலமான விளக்கு, பலமான நீரோட்டம். பவளம் நகராது. பிராணவாயுவைக் கொண்டுவருவதும் மேலே படியும் அழுக்கைக் கழுவுவதும் ஓடும் தண்ணீர்தான். அமெரிக்காவிலோ 1986 முதல் பிளாஸ்டிக் பந்துகள் நிரப்பிய வடிகட்டி பரவியது. அது அம்மோனியாவை நைட்ரேட்டாக்குவதோடு நின்றுவிட்டது. பாசி கொழுத்தது. பிற்பாடு பலர் பந்துகளைத் தூக்கிப் போட்டுவிட்டுக் கல்லுக்கே திரும்பினார்கள்.

வாஷிங்டனில் வால்டர் ஏடி தலைகீழாக யோசித்தார். பாசி வரத்தான் போகிறது என்றால் அதையே வேலைக்கு வைத்தால் என்ன? 1980இல் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் அவர் அமைத்த பவளப்பாறைத் தொட்டியில் வாளி நிரம்பிக் கவிழ்ந்து அலை எழுப்பும். தனியே வலையில் வளரும் பாசி சத்தை உறிஞ்சிக்கொள்ளும். வலையைச் சுரண்டினால் சத்தும் தொட்டியை விட்டுப் போய்விடும்.

உயிர்க்கல்லை நம்பும் முறைக்கு இன்று 'பெர்லின் முறை' என்று பெயர். பெர்லின்காரர்கள் திருடினார்கள் என்று நான் சொல்லவில்லை. லீயின் குமிழிகள் மட்டும் போதாது, கல்பவளங்களுக்கு அவர்கள் கூட்டிய நீரோட்டம் தேவைதான். ஆனால் அடித்தளமான கல்லை நம்பச் சொல்லி எழுதியவர் நம் கடலோரத்து மனிதர். அந்தத் தொட்டிகளுக்கான உயிர்க்கல்லும் பெரும்பாலும் ஃபிஜியிலிருந்தும் இந்தோனேசியாவிலிருந்தும்தான் போனது. நம் வட்டாரத்தில் ரப்பரும் ஈயமும் படித்தவர்களுக்கு இந்தக் கணக்கு புதிதல்ல. பொருள் இங்கிருந்து போகும், பெயர் அங்கிருந்து வரும்.

நான் கற்களைச் சுவரிலிருந்து தள்ளி வைத்தேன். எதிரெதிர்ப் பக்கத்தில் இரண்டு பம்ப், மாறி மாறி ஓடும்படி. தீனியைப் பாதியாக்கினேன். பாசி மெல்ல மெல்லப் பின்வாங்க மூன்று மாதமானது. வருகிறவர்கள், "இது என்ன முறை?" என்று கேட்பார்கள். "ஜகார்த்தா முறை" என்கிறேன். அப்படி ஒன்றைக் கேள்விப்பட்டதே இல்லையே என்பார்கள். அங்கிருந்து கதையைத் தொடங்குவேன்.