ஆமூர் மல்லனும் அடுத்த எதிரியும்

புறநானூற்றின் 80 முதல் 85 வரையிலான பாடல்களை வகுப்பில் நடத்தும்போதெல்லாம் ஒரு சிறு சலசலப்பு எழும். போர்வைக்கோப்பெருநற்கிள்ளி என்னும் சோழன் ஆமூர் மல்லனை மற்போரில் வீழ்த்தியதைச் சாத்தந்தையாரும் நக்கண்ணையாரும் பாடிய ஆறு பாடல்கள் அவை. ஆமூர் என்றதும் திண்டிவனத்துப் பிள்ளைகள் நிமிர்ந்து உட்காருவார்கள். சிறுபாணாற்றுப்படை காட்டும் ஓய்மா நாட்டில் கிடங்கில் உண்டு, ஆமூரும் உண்டு. கிடங்கில் இன்று திண்டிவனம் நகருக்குள்ளேயே இருக்கிறது. ஆமூரை அருகிலுள்ள நல்லாமூர் என்று கருதுவோர் உண்டு. ஆகவே, தோற்றவன் நம்மூர்க்காரன் என்று ஒரு சோகம் வகுப்பில் பரவும். பாடலின் துறைக்குறிப்பு அவனை 'முக்காவல் நாட்டு ஆமூர் மல்லன்' என்கிறது, அது வேறு ஆமூர் என்று சொல்லி நான்தான் அந்தச் சோகத்தைக் கலைக்க வேண்டியிருக்கும்.

ஒருமுறை விழுப்புரத்திலிருந்து ரயிலில் வந்து படிக்கும் மாணவன் ஒருவன் கேட்டான்: "ஐயா, ஜெயித்த பிறகு அந்தச் சோழன் அடுத்து யாரோடு மோதினான்?" பாடல்களில் அதற்கு விடை இல்லை. ஆனால் தோல்வி காணாத வீரன் எவனைக் கண்டாலும் உலகம் கேட்கும் கேள்வி அதுதான். அக்கேள்வியின் வரலாற்றைத் தேடினால் 1910ஆம் ஆண்டில் வந்து நிற்கிறோம்.

அமெரிக்கரான ஜேம்ஸ் ஜெஃப்ரீஸ் ஹெவிவெயிட் குத்துச்சண்டையில் தோல்வியே காணாமல் 1905இல் ஓய்வு பெற்றவர். 1908இல் ஜாக் ஜான்சன் என்ற கறுப்பினத்தவர் உலகப் பட்டத்தைக் கைப்பற்றியபோது, வெள்ளையுலகம் ஜெஃப்ரீஸை மீண்டும் மேடைக்கு இழுத்து வந்தது. 1910 ஜூலை 4 அன்று ரீனோ நகரில், 15ஆம் சுற்றில் அவர் வீழ்ந்தார். அதைத் தொடர்ந்து அமெரிக்காவின் பல நகரங்களில் இனக்கலவரங்கள் வெடித்து உயிர்கள் பலியாயின. மறு ஆண்டு லண்டனில் ஜான்சன் பாம்பார்டியர் வெல்ஸ் என்ற ஆங்கிலேயரோடு மோதவிருந்தார். உள்துறை அமைச்சர் வின்ஸ்டன் சர்ச்சில் தலையிட்டார். அந்தப் போட்டி நடக்கவேயில்லை. யார் யாரோடு மோதலாம் என்பதைப் புஜபலம் மட்டும் தீர்மானிக்கவில்லை என்பதற்கு இவ்விரு நிகழ்ச்சிகளும் போதும்.

அதே 1910இல்தான் காமா பயில்வான் லண்டனில் கால்வைத்தார். 1878இல் பஞ்சாபில் பிறந்து, சமஸ்தானங்களின் ஆதரவில் வளர்ந்தவர். உயரம் குறைவு என்று முதலில் அவரைப் போட்டியில் சேர்க்கவில்லை. எவரையும் வீழ்த்துவேன் என்று அவர் பகிரங்கச் சவால் விட்டார். அமெரிக்க வீரர் பெஞ்சமின் ரோலர் வந்து தோற்றார். செப்டம்பர் 10 அன்று போலந்துக்காரரான ஸ்பிஸ்கோ வந்தார். வந்தவர் பெரும்பாலான நேரம் விரிப்பில் குப்புறப் படுத்தே கிடந்தார். ஏறத்தாழ இரண்டரை மணி நேரத்துக்குப் பிறகும் முடிவு தெரியவில்லை. ஒரு வாரம் கழித்து மறுபோட்டி, ஸ்பிஸ்கோ வரவில்லை. ஜான் புல் பட்டம் காமாவுக்குச் சென்றது. பிராங்க் காட்ச், ஹாக்கன்ஷ்மிட் போன்ற அக்காலத்துப் பெரும் பெயர்களுக்கும் காமா அழைப்பு விடுத்தார். ஒருவரும் கோதாவுக்கு வரவில்லை. உலக வீரராக அமெரிக்கா கொண்டாடிய காட்ச் 1913இல் ஓய்வு பெற்று, 1917இல் மறைந்துவிட்டார்.

காமாவும் காட்சும் மோதியிருந்தால்? ரசிகர்கள் கைக்கொள்ளும் தராசு ஒன்று உண்டு: இருவரோடும் மோதிய மூன்றாமவன். இங்கே அந்த மூன்றாமவர் ஸ்பிஸ்கோதான். 1910 ஜூன் 1 அன்று சிகாகோவில் காட்ச் அவரை வென்றார். கைகுலுக்க நீண்ட கையைக் கண்ட கணமே பாய்ந்து, சில விநாடிகளில் முதல் வீழ்த்தலை முடித்தார் காட்ச். மூன்று மாதம் கழித்து அதே மனிதரைக் காமாவால் புரட்ட முடியவில்லை. அப்படியானால் காட்ச்தான் பெரியவர் என்று முடிவுகட்டிவிடலாமா?

இந்தத் தராசு 1928 ஜனவரியில் பாட்டியாலாவில் முறிந்தது. ஸ்பிஸ்கோ இந்தியாவுக்கு வந்து காமாவோடு மீண்டும் மோதினார். இருவரும் ஐம்பதை நெருங்கியவர்கள். இம்முறை விரிப்பு இல்லை. நம்மூர் மண் கோதா. ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. ஸ்பிஸ்கோ மல்லாந்து கிடந்தார். ஆட்கள் அதே ஆட்கள். மாறியவை மண்ணும் விதியும் பதினேழு ஆண்டு வயதும். ஆகவே 'யார் வெல்வார்' என்று கேட்கும் முன் 'எங்கே, எந்த விதியில், எந்த வயதில்' என்று கேட்டாக வேண்டும்.

தாராசிங் பிறந்ததும் அதே 1928இல்தான். அவரையும் காமாவையும் கற்பனைக் கோதாவில் இறக்கிப் பேசாத பெரியவர்கள் நம் ஊர்களில் குறைவு. ஐம்பது வயது இடைவெளியை அந்தப் பேச்சு ஒரு நொடியில் தாண்டிவிடும். தேசப் பிரிவினைக்குப்பின் காமா லாகூரில் வாழ்ந்து 1960இல் மறைந்தார்.

கற்பனையைக் கணிப்பொறியிடமே ஒப்படைத்துப் பார்த்ததும் உண்டு. 49 போட்டிகளில் 49 வெற்றியோடு 1956இல் ஓய்வு பெற்ற ராக்கி மார்சியானோவையும் முகமது அலியையும் 1969இல் காமிராவின் முன் மோதுவதுபோல் நடிக்கச் செய்து, முடிவைக் கணிப்பொறி சொல்லும் என்றார்கள். மார்சியானோ அந்த ஆண்டு ஆகஸ்டில் விமான விபத்தில் இறந்தார். 1970 ஜனவரியில் அமெரிக்கத் திரையரங்குகளில் காட்டிய படத்தில் 13ஆம் சுற்றில் அலி விழுந்தார், மார்சியானோ வென்றார். வியட்நாம் போருக்குச் செல்ல மறுத்ததால் அலியின் குத்துச்சண்டை உரிமம் பறிக்கப்பட்டிருந்த காலம் அது. அந்த முடிவில் கணிப்பொறி எவ்வளவு, காலம் எவ்வளவு என்பதைப் படிப்பவர் ஊகித்துக்கொள்ளலாம்.

தோல்வியின்மை என்பது நடந்த போட்டிகளின் கணக்கு. நடக்காத போட்டிகளோ அந்தக் காலத்தின் கணக்கு: யார் யாரை அஞ்சினார்கள், யார் யாரை மறித்தார்கள் என்பதன் பதிவு. வீரனின் வரலாற்றை எழுதுபவர் இரண்டையும் படிக்க வேண்டும் என்பதே என் எண்ணம்.

மாணவனின் கேள்விக்குப் பின்னால் இன்னொரு கேள்வி இருந்தது. அன்று எனக்குத் தோன்றவில்லை. 85ஆம் பாடலில், வென்றவன் யார் என்று ஊரே இரண்டுபட்டு நிற்க, நக்கண்ணையார் மரத்தைச் சார்ந்து நின்று தன் தலைவனின் வெற்றியைக் காண்கிறாள். எல்லோருடைய கண்ணும் கிள்ளியின் மேல். மிகுந்த வலிமையுடையவன் என்று சாத்தந்தையாரே ஒப்புக்கொள்ளும் ஆமூர் மல்லனுக்கு ஆறு பாடல்களிலும் பெயரில்லை. அவன் அதுவரை தோற்றறியாதவனாகவும் இருந்திருக்கலாம். ஆமூர்க்காரர்கள், இவனை எதிர்க்க அடுத்து எவன் வருவான் என்று கள்ளுண்டு பேசியிருக்கலாம். வந்தவன் கிள்ளி.

அடுத்தமுறை இப்பாடலை நடத்தும்போது திண்டிவனத்துப் பிள்ளைகளின் சோகத்தை நான் அவ்வளவு அவசரமாகக் கலைக்கப்போவதில்லை.