முழுமதியாகாத கோள்

அரபு நாடுகள் ஒன்றுகூடி 1976இல் தோற்றுவித்த அரப்சாட் நிறுவனம் ரியாதைத் தலைமையிடமாகக் கொண்டது. 1985இல் அதன் முதற்கோள் ஏரியான் ஏவுகலனிலும், இரண்டாவது கோள் அமெரிக்க விண்ணோடத்திலும் சென்றன. அவ்வோடத்தில் சவூதி இளவரசர் சுல்தான் பின் சல்மான் பயணம் செய்ததை நாம் அறிவோம். அதே நிறுவனம் 2006இல் பறிகொடுத்த ஒரு கோளைப் பற்றி நம்மில் அறிந்தோர் சிலரே.

அரப்சாட் 4ஏ என்பது அதன் பெயர். முழுமதி எனப் பொருள்படும் 'பத்ரு' வரிசைக்கு அதுவே தலைமகனாக அமையவிருந்தது. உலக நேரப்படி பிப்ரவரி 28ஆம் நாள், கஸாக்ஸ்தானின் பைக்கனூரிலிருந்து ரஷ்யாவின் புரோட்டான் அதனைச் சுமந்தெழுந்தது. கீழடுக்குகள் பழுதின்றிப் பணியாற்றின. மேலடுக்காகிய பிரீஸ்-எம் மட்டும், இரண்டாம் முறை எரிகையில் உரிய நேரத்திற்கு முன்பே அணைந்துபோயிற்று. பம்பொன்றின் நுண்துளையை ஓர் அந்நியத் துகள் அடைத்ததே காரணமெனப் பின்னர் கண்டனர். ஒரு துகள்!

ஆயினும் கோள் சிதையவில்லை. தரையிலிருந்து சென்ற கட்டளைகளுக்குப் பணிந்தே நின்றது. நடுக்கோட்டுக்கு மேலே சுமார் 36,000 கி.மீ. உயரத்தில், பூமியோடு இணைந்து சுழன்றால்தான் வீட்டுக்கூரையிலுள்ள அலைவாங்கி அதனை ஓயாமல் நோக்க இயலும். அதுவோ அவ்வுயரத்தில் பாதியையும் எட்டாமல், சாய்ந்ததொரு நீள்வட்டத்தில் அகப்பட்டிருந்தது. பல்லாண்டுக் காலம் நிலைபெயராது நிற்பதற்கென வைத்த எரிபொருளை ஏறுவதிலேயே செலவிட்டால், பிறகு உழைக்க என்ன எஞ்சும்?

வழியே இல்லை என்பதற்கில்லை. 1997 டிசம்பரில் இன்னொரு புரோட்டானால் வழிதவறிய ஏஷியாசாட்-3ஐ, மறு ஆண்டு சந்திரனைச் சுற்றவிட்டு, அதன் ஈர்ப்பின் துணையால் மேலேற்றினர். 4ஏ கோளுக்கும் அத்தகைய யோசனைகள் எழுந்தன. அண்டார்ட்டிக்கா ஆய்வு நிலையங்களுக்குப் பயன்படுத்தலாம் என்றோரும் உண்டு. முழுமதியின் பெயரைத் தாங்கவிருந்த கோளுக்குச் சந்திரனே கைகொடுத்திருக்கலாம். நடந்ததோ வேறு. காப்பீட்டுக் கணக்கில் அது முழு இழப்பாயிற்று. மார்ச் 24ஆம் நாள் கட்டளையிட்டுக் கீழிறக்கிப் பசிபிக் பெருங்கடலில் வீழ்த்தினர்.

பட்டியல்கள் இதனை 'ஏவுகலன் தோல்வி' என்றே குறிக்கின்றன. எமக்கு அது முழுமையான கூற்றாகத் தோன்றவில்லை. ஏவுகலன் பறித்தது அதன் பணியை. உயிரை முடித்தது மனிதரின் கணக்கு. அக்கணக்கைப் பிழையென்றும் நாம் சொல்லத் துணியோம். கதிர்வீச்சு மண்டலங்களை நாள்தோறும் ஊடறுத்துச் சென்ற கோள், எத்தனை காலம் தாங்கியிருக்குமென யாரே உறுதி கூறுவர்?

அவ்வாண்டு நவம்பரிலேயே பத்ரு-4, அதே பைக்கனூரிலிருந்து அதே புரோட்டானில் சென்று நிலைபெற்றது. இழந்த கோளுக்கு ஈடாகிய பத்ரு-6 மட்டும் 2008 ஜூலையில் ஏரியானில் ஏறிச் சென்றது.