வாழவந்தி: கொல்லிமலையில் குடியேறியவர்கள்

கொல்லிமலை என்றவுடன் இலக்கிய ஆர்வலர்களுக்கு நினைவில் எழுபவர் இருவர். ஒருவன் வல்வில் ஓரி. மற்றொருத்தி தன் நகையால் கண்டோரை மயக்கி உயிர் கவரும் கொல்லிப்பாவை. ஓரியைத் திருமுடிக்காரி கொன்றதும், மலை சேரமான் வசமானதும் சங்கப் பாடல்களின் வழி நாமறிந்த செய்திகள். ஆனால் வென்றவர், தோற்றவர் கதைகளுக்கு அப்பால், இம்மலைக்கு வாழ்வதற்கென்றே ஏறி வந்தவர்களின் கதையும் உண்டு. அது நம்மிடையே அதிகம் பேசப்படுவதில்லை.

இன்று மலையில் பெரும்பான்மையினராக வாழும் மலையாளி மக்களே வந்தேறியவர்கள்தாம். இப்பெயருக்கும் கேரளத்துக்கும் தொடர்பில்லை. மலையை ஆள்பவர் என்பதே பொருள். தம் முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து வந்தவர்கள் என்பது அவர்களது மரபுக் கதை. பெரியண்ணன், நடுவண்ணன், சின்னண்ணன் என்ற மூன்று சகோதரர்கள் ஊரை நீங்கி, சேர்வராயன், கொல்லி, பச்சை ஆகிய மலைகளில் ஆளுக்கொன்றாகக் குடியேறினராம். யார் எம்மலைக்குப் போனார் என்பதில் கதைகள் ஒன்றுக்கொன்று ஒத்துப்போவதில்லை. வேற்றூரிலிருந்து வந்ததை ஒளிக்காமல், அதையே தம் பெருமையாகச் சொல்லும் மக்கள் இவர்கள் என்பதுதான் என் கருத்தைக் கவர்ந்தது. மலையில் ஊர்களை 'நாடு' என்றே வழங்குவர்: வளப்பூர் நாடு, குண்டூர் நாடு, அரியூர் நாடு, வாழவந்தி நாடு. கடைசிப் பெயரின் வேர் எதுவாயினும் ஆகுக. காதில் விழும் பொருள் போதும்.

அந்த வாழவந்திக்குத்தான் 1913இல் ஓர் ஆங்கிலேயத் தம்பதியர் வந்து சேர்ந்தனர். ஜெஸ்ஸி பிராண்ட் கட்டடத் தொழில் கற்றவர். சிறிது மருத்துவப் பயிற்சியும் பெற்றவர். மனைவி ஈவ்லின் லண்டனின் செயின்ட் ஜான்ஸ் வுட் பகுதியில் செல்வக் குடும்பமொன்றில் 1879இல் பிறந்தவர், ஓவியம் பயின்றவர். இருவரும் ஸ்ட்ரிக்ட் பாப்டிஸ்ட் மிஷனைச் சேர்ந்தவர்கள். மிஷனின் நிலையம் அடிவாரத்துச் சேந்தமங்கலத்தில் இருந்தது. சமவெளி ஊழியர்கள் மலையில் தங்குவதற்குத் தயங்கிய காலம் அது. காரணம் காய்ச்சல். இன்று காரவள்ளியிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து பேருந்தில் ஏறுகிறோம். அன்றோ காட்டுத் தடம். நடந்து ஏறலாம், அல்லது டோலியில் சுமந்து செல்லப்படலாம். அடிவாரக் காட்டின் கொசுவுக்கு இரண்டும் ஒன்றுதான். கண்டவரைக் கொல்லும் பாவையின் கதைக்குள்ளும் இந்தக் காய்ச்சல் ஒளிந்திருக்கிறதோ என்று எனக்கு ஓர் ஐயம். வெறும் ஊகமே; ஆதாரம் கேட்டால் கையை விரிப்பேன்.

மதம் பரப்ப வந்தவர்களை எப்படி மதிப்பிடுவது என்பதில் நம்மிடையே கருத்து வேறுபாடுகள் உண்டு. அவர்கள் வந்த நோக்கம் மதமாற்றமே. அதை மறைப்பதில் பொருளில்லை. ஆனால் முதல் சில ஆண்டுகள் அவர்களது சமயத்துக்கு மலையில் செவி கொடுத்தவர் மிகச் சிலரே. மருத்துவத்துக்கோ கூட்டம் வந்தது. கிணற்று நீரின் வழியாக உடலுக்குள் புகும் நரம்புச் சிலந்திப் புழு அக்காலத்தில் பெருந்துன்பம். காலில் தலைகாட்டும் அப்புழுவைக் குச்சியில் சுற்றிச் சுற்றி, அறுந்துவிடாமல், பல நாட்களாக இழுத்தெடுக்க வேண்டும். தந்தை அதைப் பொறுமையுடன் செய்வதைப் பார்த்து வளர்ந்ததாக அவர்களுடைய மகன் பிற்காலத்தில் நினைவுகூர்ந்திருக்கிறார்.

அந்த மகன் பால் பிராண்ட், 1914 ஜூலை 17 அன்று இம்மலையில் பிறந்தவர். மரமேறியும் வயலில் தவளை பிடித்தும் வளர்ந்த பிள்ளை. மலைச்சரிவில் படிக்கட்டாக அமைந்த நெல்வயல்களில் தவளை பிடித்து விளையாடியபோது ஒரு முதியவர் வந்து கண்டித்த நிகழ்ச்சியைப் பின்னாளில் கட்டுரையாக எழுதினார். சிறுவர்கள் மிதித்துக் கலக்கிய வயலிலிருந்து சேற்று நீர் கீழ்ப்பாத்திக்கு வழிந்துகொண்டிருந்தது. முதியவர் அதைக் கையில் அள்ளிக் காட்டினாராம். அடித்துச் செல்லப்பட்ட மண் மேலே திரும்பாது; மண் போனால் சோறும் போயிற்று. இதுதான் அவர் சொன்னதன் சாரம். உலகம் போற்றும் ஓர் அறுவை மருத்துவருக்கு மண்ணரிப்பைப் பற்றிய முதற்பாடம் பெயர் தெரியாத ஒரு கொல்லிமலை விவசாயியிடம் கிடைத்தது. அண்மைப் பத்தாண்டுகளில் மலையில் சாமையும் தினையும் குறைந்து, ஜவ்வரிசி ஆலைகளுக்கான மரவள்ளி பெருகியதைப் பார்க்கையில், அம்முதியவரின் கையிலிருந்த சேறு நினைவுக்கு வராமல் இல்லை. எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் சிறுதானியங்களை மீட்க இங்கே நெடுங்காலம் உழைக்க நேர்ந்ததும் இதனால்தான்.

1923இல் பாலும் தங்கை கானியும் படிப்புக்காக இங்கிலாந்து கொண்டுசெல்லப்பட்டு உறவினரிடம் விடப்பட்டனர். காலனிய நாட்களில் வெள்ளைக்காரக் குடும்பங்களின் வழக்கம் அது. இடம்பெயர்வின் கடுமையை உண்மையில் சுமந்தவர்கள் இந்தக் குழந்தைகளே என்று தோன்றுகிறது. பெற்றோருக்குக் கொல்லிமலை தேர்ந்துகொண்ட ஊர். பிள்ளைகளுக்கோ பிறந்த ஊர், அதிலிருந்து பிடுங்கப்பட்டார்கள். மலையிலிருந்து தந்தையின் கடிதங்கள் கப்பலேறி வந்துகொண்டிருந்தன. 1929 ஜூன் 15 அன்று ஜெஸ்ஸி இறந்தார். மலேரியா முற்றிச் சிறுநீர் கறுத்துப்போகும் காய்ச்சல். வயது 44தான். தந்தி முதலில் வந்தது. அதற்குப் பிறகு, அவர் நலமாயிருந்தபோது எழுதிய கடிதம் வந்தது. பாலுக்கு வயது 15 நிறையவில்லை.

அவர் பின்னர் கட்டட வேலை கற்று, மருத்துவரானதும், 1946இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்து தொழுநோயாளிகளின் மடங்கிய விரல்களை அறுவையால் நிமிர்த்தியதும் பலரும் அறிந்தவை. நாம் ஈவ்லினைப் பின்தொடர்வோம்.

கணவர் இறந்தபின் அவர் இங்கிலாந்து சென்று திரும்பினார். மிஷனோ அவரைச் சமவெளிப் பணியிலேயே வைத்திருந்தது. எழுபதை நெருங்கிய வயதில் ஓய்வு பெறுமாறு சொல்லப்பட்டபோது, மிஷனிலிருந்து விலகிக்கொண்டு, தன்னந்தனியாக மறுபடியும் மலையேறினார். இம்முறை எவரும் அனுப்பி அவர் வரவில்லை. கொல்லியோடு நிற்காமல் பச்சை, கல்வராயன் முதலிய மலைகளுக்கும் மட்டக்குதிரையில் சென்று மருந்து கொடுத்தார். விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது. பிறகு இரண்டு மூங்கில் கழிகளை ஊன்றி நடந்தார். வாழ்வின் கடைசி இருபது ஆண்டுகள் அவர் வீட்டில் நிலைக்கண்ணாடியே வைத்துக்கொள்ளவில்லை என்கிறார் மகன். ஓவியம் பயின்ற ஒரு பெண்மணி, காட்சியின் அருமை தெரிந்தவர், தன் முகத்தை மட்டும் பார்க்க மறுத்தார். 'பாட்டி' என்ற உறவுமுறையே அவருக்குப் பெயராக நிலைத்தது. ஆங்கில நூல்களிலும் அவர் 'கிரானி பிராண்ட்' தான்.

அவரது பிடிவாதத்தில் ஒரு மேலாதிக்க வாடையும் உண்டு என்று சொல்பவர் இருக்கலாம். அழைக்கப்படாமல் வந்து, திருத்துவேன் என்று நிற்பவர்மீது அந்த ஐயம் நியாயமே. ஆயினும் முதுமையில், பின்னால் நிறுவனமோ பேரரசோ இல்லாத நிலையில் வந்து வாழ்ந்தவரை முதல் முறை வந்தவரோடு ஒன்றாக எடைபோட என் மனம் ஒப்பவில்லை. 1947க்குப் பின் இந்தியாவை நீங்கிய ஆங்கிலேயர் எண்ணற்றோர். அதே காலத்தில் எதிர்த்திசையில், மேல்நோக்கி, ஒரு கிழவி நடந்தாள்.

1974 டிசம்பரில், 95ஆம் வயதில் அவர் மறைந்தார். உடலை மலைக்குக் கொண்டுவந்து, 45 ஆண்டுகளுக்கு முன் கணவரைப் புதைத்த இடத்துக்கருகே, வாழவந்தியில் அடக்கம் செய்தனர்.