பாரசீகப் பூனையும் திருவனந்தபுரத்து வீடும்

திருவனந்தபுரத்தில் வாழும் தமிழ்க் குடும்பங்கள் சிலவற்றில் அண்மைக் காலமாக ஒரு புதிய விருந்தாளி குடிபுகுந்திருக்கக் காண்கிறோம். நீண்ட மென்மயிரும் தட்டை முகமும் உருண்டை விழிகளும் உடைய பாரசீகப் பூனையே அவ்விருந்தாளி. வலியசாலை, கரமனைப் பகுதிகளின் பழைய தெருவீடாயினும், புதிதாய் எழுந்த அடுக்குமாடிக் குடியிருப்பாயினும், குழந்தைகள் அதனைக் கடையில் ஒருமுறை கண்டுவிட்டால் பெற்றோருக்குப் பிறகு அமைதி இல்லை. வாங்கலாமா, நம் வீட்டுக்கு அது ஒத்து வருமா என்னும் வினா எழும்போது, விலையைக் கேட்குமுன் அதன் வரலாற்றைக் கேட்பது நன்று. அம்மயிர் எந்நாட்டில் வளர்ந்தது, அம்முகம் எவரால் ஆக்கப்பட்டது என்பன தெரிந்தால் விடையில் பெரும்பகுதி தெரிந்துவிடும்.

பூனை நமக்குப் புதியதன்று. தொல்காப்பிய மரபியல் இளமைப் பெயர்களை வகுக்குங்கால், வெருகை எலியோடும் அணிலோடும் சேர்த்து, அதன் இளையதைக் குட்டி எனலாம் என்கிறது. குறுந்தொகைப் புலவர் ஒருவர் முல்லை அரும்பில் வெருகின் சிரிப்பைக் கண்டார். மாமல்லபுரத்துப் பாறையில் தவம் புரியும் பூனையையும், அதனை நம்பிச் சூழ்ந்து நிற்கும் எலிகளையும் பல்லவர் காலச் சிற்பி செதுக்கி வைத்தான். கம்பரோ பாற்கடலை நக்கிக் குடிக்கப் புகுந்த பூனை என்று தம்மையே சொல்லிக்கொண்டார். வைணவ ஆசாரியர்கள் குட்டியைக் கவ்விச் செல்லும் தாய்ப்பூனையைக் காட்டிச் சரணாகதியை விளக்கினர். இவர்கள் அறிந்த பூனைகள் யாவும் தம்மைத் தாமே காத்துக்கொண்டவை. எந்தப் பூனைக்கும் எவரும் தலை வாரிவிட்டதாக நம் நூல்களில் நாம் படித்ததில்லை.

சீப்பு வேண்டிய பூனையின் கதை பாரசீகத்தில் தொடங்குகிறது. பியெத்ரோ தெல்லா வாலே என்னும் உரோமாபுரிச் செல்வர் 1620ஆம் ஆண்டு அந்நாட்டில் தங்கியிருந்தபொழுது, கொராசான் பகுதியில் தோன்றிய சாம்பல்நிறப் பூனைகளைக் கண்டு மயங்கினார். பட்டுப் போன்ற மயிரையும், அணிலைப்போல் முதுகின்மேல் மடித்துக்கொள்ளும் வாலையும் அவர் தம் கடிதத்தில் வருணித்திருக்கிறார். நான்கு இணைகளைச் சேர்த்து இத்தாலிக்குக் கொண்டுசெல்ல எண்ணியதாகவும், போர்த்துகீசியர் இவற்றை முன்னரே இந்தியாவுக்கு எடுத்துச் சென்றதாகவும் அவர் எழுதினார். எனவே மேற்குக் கடற்கரைக்கு இப்பூனை வந்து நானூறு ஆண்டுகளேனும் ஆயின எனலாம். தெல்லா வாலேயும் 1623இல் சூரத், கோவா, மங்களூர் வழியாகக் கோழிக்கோடு வரை வந்தார். வழியில் இறந்த தம் மனைவியின் உடலைப் பதப்படுத்தி, பயணம் முழுவதும் உடன் கொண்டு திரிந்த மனிதர் அவர். பற்று வைத்தால் எளிதில் விடாதவர் போலும்.

போர்த்துகீசியர் கொணர்ந்த பூனைகள் இக்கரையில் ஓரினமாக நிலைத்து, நம் தெருப்பூனைகளை நீள்மயிரினவாக மாற்றவில்லை. கொராசான் உயர்ந்த வறண்ட நாடு. அங்கே குளிர்காலத்தில் பனி உறையும். திருவனந்தபுரமோ கடல் அருகே உள்ள ஊர். ஆண்டில் 1,700 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்கிறது. இடவப்பாதியில் ஒருமுறை, துலாவர்ஷத்தில் மறுமுறை. இடைப்பட்ட நாள்களிலும் காற்றில் ஈரம் குறைவதில்லை. அடர்ந்த உள்மயிர் இவ்வீரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். மயிர் சிக்குண்டு சடையாகும். சடையின் அடியில் தோல் புண்ணாகும். படர்தாமரை என்னும் தோல்நோய் இவ்வினத்தில் மிகுதி. அது பூனையைத் தூக்கிக் கொஞ்சும் குழந்தைக்கும் தொற்றும். ஆகவே நாள்தோறும் கால்மணி நேரமேனும், வயிறு, அக்குள், காதின் பின்புறம் ஆகிய இடங்களை விடாது, உலோகச் சீப்பால் வாருதல் வேண்டும். குளிப்பாட்டினால் மயிரின் வேர்வரை உலர்த்துதல் வேண்டும். இக்கடமை யாருடையது என்பதை வீட்டில் முன்கூட்டியே முடிவு செய்துகொள்ளுங்கள். குழந்தைகள் ஏற்றுக்கொள்வார்கள், தேர்வு மாதம் வந்ததும் சீப்பு தாயின் கைக்கு மாறும்.

மயிர் பாரசீகத்தது, முகம் அப்படியன்று. 1871ஆம் ஆண்டு ஜூலை 13ஆம் நாள் இலண்டன் பளிங்கு மாளிகையில் ஹாரிசன் வேர் என்னும் ஓவியர் ஒரு பூனைக் காட்சியை நடத்தினார். பூனையை மக்கள் மதிக்க வேண்டும் என்பதே அவர் நோக்கம். பின்பு பூனைக் கழகத்தின் முதல் தலைவராகவும் ஆனார். ஆயினும், உறுப்பினர்க்குப் பூனைகளின் நலத்தினும் பரிசே பெரிதாயிற்று என்று மனம் கசந்து சில ஆண்டுகளில் விலகினார். அவர் அஞ்சியதே நடந்தது. பரிசு மேசையில் உருண்ட தலையும் குறுகிய மூக்கும் விரும்பப்பட்டன. இருபதாம் நூற்றாண்டில் அமெரிக்க வளர்ப்பாளர் கைகளில் மூக்கு கண்களுக்கு நடுவே ஏறிக்கொண்டது. 2008இல் வெளியான மரபணு ஆய்வொன்று, இன்றைய பாரசீகப் பூனை மேற்கு ஐரோப்பியப் பூனைகளுக்கே நெருங்கிய உறவு என்று காட்டியது. பெயரளவில் பாரசீகம், பிறப்பு வளர்ப்பெல்லாம் ஐரோப்பா.

நம் ஊர்க் கடைக்காரர் இவற்றை ‘டால் ஃபேஸ்’ என்றும் ‘பஞ்ச் ஃபேஸ்’ என்றும் பிரித்து, பின்னதற்கே மிகுந்த விலை சொல்வர். விலை மிகுந்ததே துன்பமும் மிகுந்தது. குறுகிய மூக்கில் மூச்சு தடைபடும். கண்ணீர்க் குழாய் வளைந்து கன்னத்தில் நீர் வழிந்துகொண்டே இருக்கும். பூனைக்கு வியர்வை பாதங்களில் மட்டுமே சுரக்கும். அதிக வெப்பத்தில் அது இளைத்துத்தான் தணிய வேண்டும்; தட்டை முகத்துக்கு அதுவும் கடினம். மேடமாதப் புழுக்கத்தில் மின்விசிறி ஒன்றை நம்பியிருக்கும் வீட்டுக்கு ‘பஞ்ச் ஃபேஸ்’ தகாது என்பதே நம் துணிபு. மற்றொன்றும் கேட்டறிய வேண்டும். சிறுநீரகத்தில் நீர்க்கட்டிகள் தோன்றிப் பெருகும் பரம்பரை நோய் இவ்வினத்தில் பரவலாக உண்டு. அதற்குக் காரணமான மரபணுப் பிழை 2004இல் கண்டறியப்பட்டது. தாய் தந்தையருள் ஒன்றுக்கு இருந்தாலே குட்டிகளுக்கு வர இடமுண்டு. பெற்றோரைச் சோதித்தீரா என்று விற்பவரைக் கேளுங்கள். விடை சொல்லத் தயங்குபவரிடம் வாங்காதீர்.

உணவைப் பற்றிய வழக்கொன்று கேரள உயர்நீதிமன்றம் வரை சென்றது. 2020ஆம் ஆண்டு ஏப்ரலில், ஊரடங்கு நடப்பிலிருந்தபோது, கொச்சியைச் சேர்ந்த ஒருவர் தம் மூன்று பூனைகளுக்காக வழக்குத் தொடுத்தார். தாம் சைவ உணவினர். வீட்டில் புலால் சமைப்பதில்லை. பூனைகள் உண்பது கடையில் விற்கும் ‘மியோ பெர்ஷியன்’ பிஸ்கத்து. அதனை வாங்கிவரக் காவல்துறை அனுமதிச்சீட்டு மறுத்துவிட்டது என்பது முறையீடு. ஏப்ரல் 6ஆம் நாள் நீதிபதிகள் அவருக்கு வெளியே சென்றுவர வழிவிட்டனர். அப்போது எடுத்துக்காட்டிய தீர்ப்புகளுள் ஒன்று, 2014இல் உச்சநீதிமன்றம் சல்லிக்கட்டைத் தடுத்த தீர்ப்பு. (பின்னர் தமிழ்நாட்டுச் சட்டத்தை அந்நீதிமன்றமே 2023இல் ஏற்றுக்கொண்டது வேறு கதை.)

பூனை பிறவியிலேயே ஊனுண்ணி. டாரின் என்னும் சத்து இறைச்சியிலும் மீனிலும் உள்ளது. அது போதாவிடில் பூனையின் கண் கெடும் என்பது 1975இலும், இதயம் தளரும் என்பது 1987இலும் வெளிப்பட்டன. தயிர்ச்சோறு கொண்டு வளர்க்க இயலாது. சாளை மீன் வாங்கும் வீட்டில் தெருப்பூனைக்கு உணவு ஒரு செலவாகவே தோன்றாது. அடுப்பில் மீன் ஏறாத வீட்டில் வளரும் பாரசீகப் பூனையோ ஒவ்வொரு வேளைக்கும் கடையை நம்பியே வாழும்.

அரைப் பாரசீகம் என்று விற்கப்படும் குட்டிகளைப் பற்றியும் ஒரு சொல். நீள்மயிர்ப் பண்பு பெற்றோர் இருவரிடமிருந்தும் வந்தால்தான் வெளிப்படும். எனவே பாரசீகத்துக்கும் நாட்டுப்பூனைக்கும் பிறந்த முதல் தலைமுறை பொதுவாகக் குறுமயிரோடேயே பிறக்கும். நீள்மயிரை எதிர்பார்த்துக் காசு கொடுப்பவர் ஏமாறுவர். திருவனந்தபுரத்து வெப்பத்தை நினைப்பவர்க்கோ அக்குட்டியே ஏற்றது.

இறுதியாக, நம்மவர் வீடுகளுக்கே உரிய ஒரு தடை உண்டு. கோடை விடுமுறையிலும் குலதெய்வக் கொடையிலும் நாகர்கோவிலுக்கோ திருநெல்வேலிக்கோ பத்து நாள் பூட்டிவிட்டுப் போகும் குடும்பங்கள் நாம். பம்பாயிலும் தில்லியிலும் உள்ளவர்க்குப் பயணம் இன்னும் நெடியது. நாட்டுப்பூனைக்கு அண்டைவீட்டார் ஒரு பிடி சோறும் மீனும் வைத்தால் போதும். பாரசீகப் பூனைக்குச் சோறு வைப்பவர் சீப்பும் பிடிக்க வேண்டும். மழைக்காலத்தில் பத்து நாள் வாராத மயிரை வாரிச் சரிசெய்ய இயலாது. மருத்துவரிடம் கொண்டுபோய் ஒட்டக் கத்தரித்துத்தான் வரவேண்டும். அது மீண்டும் முழு நீளம் வளரப் பல மாதங்கள் செல்லும்.